பிஜுவுக்கும் பூவார் குடு, அம்மே

போன வருடம் ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் கர்க்கடகம் என்போம். மழை விட்டபாடில்லை. என் மனைவி லேகா ஏழு மாத வயிற்றோடு நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ரத்தக் கொதிப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பல வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. எந்த நேரமும் ஆபரேஷன் தேவைப்படலாம், ஆள் பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் இல்லை. பைக்கில் ஊரார் சாப்பாட்டைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் என் வீடு. எங்கள் குடும்பத்தில் தாத்தா முதல் சித்தப்பா வரை எல்லாரும் சர்க்கார் குமாஸ்தா. எனக்குப் படிப்பு ஏறவில்லை, வைத்த கடையும் நிலைக்கவில்லை. கடைசியில் ஆப்பில் வரும் ஆர்டரை ஓட்டலில் வாங்கி வாசலில் கொடுக்கிற வேலைக்கு வந்தேன்.

அந்த வேலையின் சட்டத்தைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஒரு ஆர்டருக்குக் கிடைப்பது சொற்பம். எங்களை ஓட வைப்பது போனஸும் மினிமம் கியாரண்டியும்தான். வாரத்தில் இத்தனை ஆர்டர் முடித்தால் போனஸ். ஒன்று குறைந்தாலும் கிடையாது. கியாரண்டி என்பது, வார வருமானம் ஒரு தொகைக்குக் கீழே போனால் மீதியைக் கம்பெனி போடுவது. ஆனால் மதியமும் இரவும் பிஸி நேரம் முழுக்க ஆன்லைனில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கில்லை. வந்த ஆர்டரை வேண்டாமென்று தள்ளவும் கூடாது. இதில் எது தப்பினாலும் அந்த வாரத்துக் கியாரண்டி போச்சு. சாப்பாட்டைக் கையில் வாங்கிய பிறகு பாதியில் விட்டுப் போனால் ஐடியையே முடக்கிவிடுவார்கள். அதோடு வேலையும் போகும்.

எங்கள் தெருவில் பிஜு என்று ஒருவன். என்னைவிட இளையவன், அதே வேலைதான். சனிக்கிழமைக்குள் போனஸை எட்டிவிடுவான். அவனுக்குக் கியாரண்டியே தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டி வாசலில் நின்று மீன் வாங்குவான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நான் அவன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அண்ணே, இன்னைக்கும் ஓட்டம் உண்டா?" என்பான்.

சாதாரணமாகத்தான் கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஞாயிறு எனக்குக் கிடைத்தால் லேகாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேனே. அவன் கோயில் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நான் செவ்வாய், வெள்ளி தவறியதில்லை. அவனுக்கு மட்டும் ஏன் இப்படி அள்ளிக் கொடுக்கிறாய் என்று எங்கள் கோயில் அம்மையிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்கு வந்ததெல்லாம் பூவார். பூவார் ஆர்டர் என்றால் எங்கள் ஆட்களுக்கு முகம் சுண்டிவிடும். அது கடலோர ஊர், ரிசார்ட்டுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். சாப்பாட்டோடு கடவில், அதாவது படகுத்துறையில், நிற்க வேண்டும். ரிசார்ட்டின் படகு வந்து, வாங்குகிறவர் சொல்லும் நம்பரை நம் போனில் போட்டால்தான் ஆர்டர் முடியும். பிறகு வெறும் பையோடு திரும்ப வேண்டும். அதற்குள் பிஜு டவுனுக்குள்ளேயே மூன்று நான்கு முடித்திருப்பான்.

பூவார் ரோட்டில் எங்கள் அம்மையின் கோயில். முடிப்புரை என்போம். ரோட்டோரம் காணிக்கை போடுகிற வஞ்சி இருக்கிறது. அம்மையின் கண்ணெதிரே நின்றால் நல்ல ஆர்டர் விழும் என்று நம்பி, அந்த மாதம் முழுக்க வஞ்சிப் பக்கத்தில்தான் பைக்கை நிறுத்திக் காத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காணிக்கை போட்டுவிட்டுக் கும்பிட்டேன். லேகாவுக்காகக் கும்பிடத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அம்மே, எனக்கு போனஸ் தரல்லைன்னா வேண்டாம். பிஜுவுக்கும் ஒரு பூவார் குடு. அவனும் அந்தக் கடவில நின்னு நனையட்டு."

அழுதுகொண்டே சொன்னேன். இதைவிட உண்மையாக நான் ஒருநாளும் வேண்டியதில்லை.

அடுத்து வந்த ஞாயிறு சாயங்காலம். மழை கொட்டுகிறது. வழக்கம்போல எனக்குப் பூவார். கடவில் நிற்கிறேன், படகைக் காணோம். போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த லேகாவின் அக்கா.

"எங்க நிக்க? அவளுக்கு ரத்தம் போவுது. இப்பமே ஆப்பரேஷன் செய்யணுமாம். நீ வந்து ஒப்பு போடணும். சீக்கிரம் வா."

என் கையில் யாரோ ஒருவருடைய பிரியாணி. விட்டுப் போனால் ஐடி போய்விடும். பிறக்கப் போகிற பிள்ளைக்கு எதைக் கொண்டு பால் வாங்குவேன்? நின்றால் லேகா போய்விடுவாள். இப்படி ஒரு யோசனை அந்த நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது. "அம்மே, இப்பம் நான் என்ன செய்ய?" என்று கத்தினேன்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. பிஜு. தொப்பலாக நனைந்திருந்தான். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினான்.

"கெட்ட நேரம் அண்ணே. மழையில இந்த வாரம் ஓட்டமே இல்லை. இன்னும் ரெண்டு முடிச்சா போனஸ் ஆக்கும். டவுனுல வெள்ளம், முடிப்புரைப் பந்தலில ஒதுங்கினேன். உடனே பூவார் வந்து விழுந்தாச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். பையை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"அண்ணன் போங்க. உங்க படகு வரும்பம் நம்பர் கேட்டு நான் போனில விளிச்சுச் சொல்லுதேன். அங்க இருந்து போட்டா போதும்."

"உனக்க போனஸ் போவுமே மக்கா."

"போனாப் போவட்டு. நீங்க வண்டிய எடுங்க."

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஆபரேஷனுக்குச் சம்மதித்து ஒப்புப் போட்டேன், கையெழுத்து. லேகாவை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் ஈரத்தோடு நிற்கும்போது பிஜுவின் போன் வந்தது. அவனுக்குரிய படகு வந்து போய் வெகுநேரமாகியும் என் படகுக்காக மழையில் நின்றிருக்கிறான். அவன் நம்பரைச் சொன்னான். நான் அதை என் போனில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, பெண் பிள்ளை, ரொம்பச் சின்னது, ஆனால் அழுதது, அம்மாவும் தப்பிவிட்டாள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பாதியில் ஆப்பை அணைத்ததால் எனக்கு அந்த வாரத்துக் கியாரண்டி இல்லை. ஒரே ஒரு ஆர்டர் குறைந்து பிஜுவுக்குப் போனஸ் இல்லை. ஐடி மட்டும் பிழைத்தது.

பிறகு ஒருநாள் என் வேண்டுதலை அவனிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணன் நிக்கது பூவார் ரோடாக்கும். அங்க நின்னா பூவார் ஆர்டர் பின்ன ஆருக்கு வரும்? பஸ் ஸ்டாண்டு பக்கம் நிக்கணும்." இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு, அந்த நேரத்துக்கு, அவனைப் பந்தலில் கொண்டுவந்து ஒதுக்கியது யார்?

இப்போது பூவார் விழுந்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் விளித்துச் சொல்கிறோம். இரண்டு பேர் கடவில் இருந்தால் ஒருவன் இரண்டு பையையும் வைத்துக்கொண்டு நிற்பான், மற்றவன் திரும்புவான். எனக்கும் சில வாரம் போனஸ் வருகிறது. பொறாமை போய்விட்டது என்று அம்மையின் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். அவனுக்கு இப்போதும் என்னைவிட அதிகம்தான். முடிப்புரையில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டிய அன்று அவள் பிஜுவின் மடியைவிட்டு என்னிடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

அம்மையின் பிள்ளைகளே, மனசு சுத்தமான பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். யார் மேலாவது எரிகிறதென்றால் அந்த எரிச்சலோடேயே போய் நில்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவளுக்குத் தெரியும் அதில் எதை எடுக்க வேண்டுமென்று. பிஜு நனைய வேண்டும் என்று கேட்டேன். நனைந்தான். என் லேகா பிழைத்தாள்.