மச்சாளின் தோட்டாப் புத்தகம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. ஆண்டுகள் முன்பின்னாக வரும். நேற்று என்ன கறி வைத்தேன் என்பதே மறந்துபோகிற வயது, வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கம் மட்டும் கண்ணை மூடினால் அப்படியே நிற்கிறது. ஒரு தோட்டாவை, முருங்கைக்காயை நெடுக்காகப் பிளந்ததுபோல் பிளந்து வரைந்திருந்த படம். அடியில் பித்தளை, அதன் நடுவில் தட்டினால் பொறி விடுகிற கேப்பு, மேலே வெடிமருந்து, அதற்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் ஈயக் குண்டுகள், கடைசியில் மடித்து மூடிய வாய். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு இழுத்து இலக்கம் போட்டிருந்தது. இலக்கத்துக்குப் பக்கத்தில் இங்கிலீசு. இங்கிலீசுக்குப் பக்கத்தில், பென்சிலால், என் கையெழுத்தில் தமிழ்.

அது வேட்டைக்காரருக்கான புத்தகம். வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டாவை எப்படி மறுபடி நிரப்புவது என்று சொல்லித்தருவது. அது என் மச்சாளுடையது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளைகள் இல்லை, புருசன் காய்ச்சலில் போனபிறகு எங்களோடுதான் இருந்தார். வன்னியில் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயல். விதைத்து மூன்று மாதத்தில் பன்றி இறங்கினால் ஒரு பொழுதிலேயே வயல் உழுத நிலமாகிவிடும். மச்சாளின் புருசனிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. அந்த லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி மச்சாள் அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "பொம்பிளைக்கு என்னத்துக்குத் துவக்கு?" என்று கிளாக்கர் சிரித்தார். "பண்டி ஆம்பிளை பொம்பிளை பாத்தே ஐயா வயலுக்கை இறங்குது?" என்று மச்சாள் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை போனபோது லைசென்ஸ் கிடைத்தது.

துவக்கு இருந்தென்ன, தோட்டா கிடைக்காது. ஊரில் சிலர் காதால் கேட்டதை வைத்துக்கொண்டு வெற்றுத் தோட்டாவை அடைப்பார்கள். அப்படி அடைத்த ஒருவருக்குக் குழல் வெடித்து இரண்டு விரல் போனது. அதைப் பார்த்த பிறகு மச்சாள், "முறை தெரியாமல் நான் தொடமாட்டன்" என்று நின்றுவிட்டார். அந்த நேரத்தில்தான் வாய்க்கால் அளக்க ஒரு சேவையர் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார். அவரும் சுடுகிற ஆள். அவர் பெட்டியில் இந்தப் புத்தகம் இருந்தது. தான் இளந்தாரியாக இருந்தபோது முதன்முதலில் பழகிய புத்தகம் இதுதான் என்றும், முதல் தோட்டாவை நிரப்பிய அன்று பயத்தில் அதைச் சுடாமல் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்ததாகவும் சொல்லிச் சிரித்தார். "இப்ப எனக்கு மனப்பாடம், நீங்கள் வைச்சிருங்கோ அம்மா" என்றார். மச்சாள் சும்மா வாங்கவில்லை. இரண்டு போத்தல் தேனும் மான் இறைச்சி வத்தலும் கொடுத்துத்தான் வாங்கினார்.

மச்சாளுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது. "எனக்குக் கண், உனக்கு எழுத்து, சரிதானே?" என்றார். தலைமை வாத்தியார் மூன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து வாசித்து வாசித்துச் சொல்ல, நான் பென்சிலால் பக்கங்களின் ஓரத்தில் எழுதினேன். நெருப்புப் பக்கத்தில் இருக்கக்கூடாது, கவனம் சிதறக்கூடாது என்று புத்தகம் சொன்னது. மச்சாள் அதைத் தன் பாட்டுக்குச் சட்டமாக்கினார். தோட்டா அடைக்கிற அன்று வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லை. யாரும் ஒரு சொல் பேசுவதுமில்லை. பழஞ்சோறும் வெங்காயமும்தான் சாப்பாடு. என் கணவர் சுருட்டோடு ஒழுங்கை முடிந்து தெரு தொடங்குகிற இடத்துக்குப் போய்விட வேண்டும். "இந்த வீட்டிலை ஆம்பிளைக்கு மரியாதை இல்லை" என்று அவர் புறுபுறுத்துக்கொண்டு போவார். "மரியாதை எல்லாம் இருக்கடா, நெருப்புக்குத்தான் இடமில்லை" என்று மச்சாள் பின்னாலேயே குரல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். எங்கள் வீட்டுக் கூரையில் புகை எழாததைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிடும். "என்ன பிள்ளை, இண்டைக்கும் மருந்து நாளோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். கூச்சம் பிடித்தவள் நான். பேசாமல் இருப்பதே சட்டமாக இருந்த அந்த நாட்களைப்போல் எனக்குப் பிடித்த நாட்கள் வேறில்லை. வேலை முழுவதும் என் கையில்தான் இருந்தது. மச்சாள் முன்னால் இருந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. ஒரு தோட்டாவுக்கு இரண்டு தரம் மருந்து போட்டேனோ என்று ஐயம். எந்தத் தோட்டாவுக்கு என்று தெரியவில்லை. எல்லாமே வாய் மூடியாகிவிட்டது. சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்து பயந்துதான் சொன்னேன். மச்சாள் ஏசவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கொட்டினார். "சந்தேகம் எண்டால் முழுக்க அவிழ்க்கவேணும் பிள்ளை. ஒண்டை மட்டும் அவிழ்த்துப் பிரயோசனம் இல்லை" என்றார். எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்ப அடைத்ததில் இரண்டாம் நாளும் பழஞ்சோறு. மூன்றாம் நாள், இருட்டுகிற மைமல் பொழுதில், மச்சாள் ஒற்றை வெடியில் ஒரு கொம்பன் பன்றியைச் சாய்த்தார். ஊர் முழுக்க இறைச்சி பங்கு போனது. அந்தத் தோட்டாவை அடைத்தது நான்தான் என்று மச்சாள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன்.

பிறகு சண்டை தொடங்க, லைசென்ஸ் துவக்குகளை அரசாங்கம் திருப்பிக் கேட்டது. மச்சாள் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினார். புத்தகம் மட்டும் வீட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இடப்பெயர்வு. அதில் புத்தகமும் போனது. என் கணவர் போனார். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி மாதங்களில், பதுங்குகுழி வாசலில் செல் குண்டு விழுந்து மச்சாளும் போனார். நானும் பக்கத்துக் குழிக்காரரும் கையால் மண்ணைத் தோண்டி அவரை வைத்தோம். முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு ஆமி ஆட்கள் வந்தார்கள். "இந்த வீட்டில் தோட்டா அடைத்தது யார்?" என்று கேட்டார்கள். யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள்; இயக்கத்துக்கு அடைத்ததாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை வந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னேயில் இருக்கிற மகள் என்னைப் பிரான்சுக்கு எடுத்தாள்.

வந்த கிழமையே மகள் என்னைப் பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு ரெலிபோன் கடைக்குப் பின்னால் அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். எங்களுக்கு ஏன் ஊருக்குத் திரும்பிப் போக ஏலாது என்பதைப் பிரெஞ்சில் எழுதி அனுப்பவேண்டும். பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எழுதினதும் சொன்னதும் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ரிஜெக்ட். நான் மச்சாளைப் பற்றிச் சொன்னேன். மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மா, பண்டிக் கதைக்கு இஞ்சை விசா குடுக்க மாட்டினம். பொம்பிளை துவக்கு வைச்சிருந்தவ, நீங்கள் தோட்டா அடைச்சனீங்கள் எண்டால் உவை வேறை மாதிரி நினைப்பினம். மச்சாளை வீட்டிலை சும்மா இருத்துவம். நீங்கள் சமைச்சனீங்கள், அவ்வளவுதான்."

"அப்ப என்னை ஏன் பிடிச்சவை எண்டு கேட்டால், தம்பி?"

"அதுக்கு என்னட்டைக் கதை இருக்கு. போன மாசமும் ஒராளுக்குச் சரிவந்தது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எத்தனையோ பேரின் கண்ணீரைத் துடைத்தவர். "உண்மை நல்லதுதான் அம்மா, ஆனால் அதைக் கேட்க உவைக்கு நேரமில்லை" என்று அவர் சொன்னபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவர் எழுதியதில் மச்சாள் ஒரு நோயாளிக் கிழவி. நான் வாசிக்கத் தெரியாத ஒருத்தி. பிடித்துக்கொண்டு போனதற்குச் சொன்ன காரணம் யாருடையதோ. நான் கையெழுத்து வைத்தேன். அதை எழுதுவதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் மகள் அந்தக் கதையை எனக்குப் பாடமாக்கினாள். ரயிலில் பாடம், மரக்கறி வெட்டும்போது பாடம்.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். எனக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், பாண்டிச்சேரிப் பெடியன். முதல் கேள்வியிலேயே அந்தப் பெண், உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். மச்சாள் என்றேன். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். "வருத்தக்காரி, படுக்கையிலை இருந்தவ" என்று நான் சொல்லவேண்டும். என் வாய் திறந்தது. கச்சேரியில் சிரித்த கிளாக்கருக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற அந்த மனுசியை, இந்த அறையில் நான் படுக்கையில் போடவேண்டும். ஒன்றை மட்டும் அவிழ்த்துப் பயனில்லை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"தம்பி, அதிலை எழுதியிருக்கிறது பிழை. முழுக்கப் பிழை. மச்சாள் துவக்குச் சுடுறவா. நான் தோட்டா அடைக்கிறனான்."

பெடியனின் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா சொல்றீங்க? குண்டு செஞ்சீங்களா?"

"குண்டில்லை அப்பு. தோட்டா. பண்டிக்கு."

அவன் ஏதோ சொன்னான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கும் குண்டு என்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று விளங்கியது. எனக்கு மொழி இல்லை. ஒரு பேப்பரும் பென்சிலும் தரச்சொல்லிக் கையால் காட்டினேன். அந்தப் பக்கத்தை அப்படியே வரைந்தேன். பித்தளை, கேப்பு, மருந்து, அட்டை, ஈயம், மடித்த வாய். கோடுகளும் இலக்கங்களும் போட்டேன். ஓரத்தில் ஒரு பன்றியும் கீறினேன். அது நாயைப்போல் வந்துவிட்டது. அந்தப் பெண் பேப்பரைத் தன் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேள்விமேல் கேள்வி. எங்கே பழகினீர்கள், யாருடைய புத்தகம், அடுப்பை ஏன் மூட்டவில்லை, ஏன் பேசவில்லை. நான் அவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கடைசியாகப் பெடியன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப இதுல எழுதியிருக்கிறது யாரோட கதைன்னு கேக்கிறாங்க."

"ஆற்றையோ தெரியாது தம்பி. என்ரை இல்லை."

ரிஜெக்ட் வந்தது. எழுதியதும் சொன்னதும் பொருந்தவில்லை என்று கடிதத்தில் இருந்ததாம். மகள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. மாஸ்டரிடம் போனோம். அவர் தலையில் கை வைத்தார். "மேன்முறையீட்டுக்குப் போவம். வயசு போட்டுது, மறதி, குழம்பிப்போய்ச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. டொக்டரிட்டை ஒரு துண்டுக் கடிதம் எடுத்தால் காணும்." மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மறந்துபோச்சு எண்டு ஒரு சொல்லுத்தானே!"

அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. எத்தனையோ மறந்தவள்தான். அதை மறந்தேன் என்று சொல்லமாட்டேன் என்றேன். மாஸ்டர் முதல்முறையாக என்னோடு கோபித்தார்: "அப்ப போய்ப் பண்டியோடை இருங்கோ!" நானும் முதல்முறையாக ஒருவருக்குத் திருப்பிச் சொன்னேன்: "பண்டிக்கு நான் பயப்பிடேல்லைத் தம்பி. உங்கடை கதைக்குத்தான் பயப்பிட்டன்." எழும்பி வந்துவிட்டேன். ரயில்வரை மகள் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். வண்டி ஓடத் தொடங்கியபிறகு, "மாமியை எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றாள். மச்சாளைத்தான் அவள் மாமி என்பாள். அந்தக் கிழமையே அவள் தானே அலைந்து ஒரு அவொக்காவைப் பிடித்தாள். அந்த வழக்கறிஞர்ப் பெண் என் படத்தைக் கோப்பின் முதல் தாளாக வைத்தாள். நீதிமன்றத்தில் மூன்று பேர் மேலே இருந்து கேட்டார்கள். ஏன் முதலில் பொய்யில் கையெழுத்து வைத்தீர்கள் என்றும் கேட்டார்கள். "பயத்திலை" என்றேன். "இப்ப பயமில்லையோ?" என்றார்கள். "இருக்கு. ஆனால் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

எனக்கு விசா கிடைத்தது. உண்மை வென்றது என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பக்கத்து ஊர் மனுசி ஒருத்தி முதல் நாளிலிருந்தே உண்மையை மட்டும் சொன்னவள். அவளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்துத் தந்தார்களா, கிழவி என்று இரங்கித் தந்தார்களா, எனக்குத் தெரியாது. தராமல் விட்டிருந்தாலும் நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கமாட்டேன். லா சப்பலில் இப்போது எனக்கு ஒரு பட்டம் இருக்கிறது. மரக்கறிக் கடையில் நின்றால், "தோட்டா அம்மா வாறா, தள்ளி நில்லுங்கோ, வெடிக்கும்" என்று பகிடி விடுவார்கள். முன்னர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து போவேன். இப்போது, "ஓம், பாத்து நில்லு" என்கிறேன். போன மாதம் மாஸ்டரும் அங்கே கீரை தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். "அம்மா, இப்ப வாறவையிட்டை முதல் கேள்வியே உங்கடை உண்மைக் கதை என்ன எண்டுதான்" என்றார். கேலியோ மெய்யோ தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை அச்சில் போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுதல். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிடுங்கள். புத்தகத்தின் அட்டை சிவப்பா மண்ணிறமா, சேவையர் வந்தது மாரிக்கு முன்னா பின்னா, படத்தில் இலக்கம் ஐந்தா ஆறா என்று எங்கள் ஊர்ச் சனம் யாருக்காவது தெரிந்தால் விசாரித்துச் சரி பாருங்கள். நான் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடும். மச்சாள் சுட்டார், நான் அடைத்தேன் என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் ஒருவரும் கை வைக்க வேண்டாம்.