அம்மாவுக்கு வெட்டிய குழி

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவைக் குளவி கொட்டியது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில் கூடு கலைந்துவிட்டது. தலை, கழுத்து எல்லாம் கொட்டு. தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்பாவோடும் சித்தப்பாவோடும் நானும் போனேன்.

மறுநாள் காலையில் அப்பா கட்டிலடியில் நிற்கும்போதே அம்மாவின் இதயம் நின்றது. சித்தப்பாவும் நானும் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தோம். டாக்டர் இரண்டு கையாலும் அம்மாவின் நெஞ்சை அமுக்கினார். அவர் களைத்ததும் இன்னொருவர் அமுக்கினார். சிங்களத் தாதி ஒருத்தி அப்பாவை வெளியே போகச் சொன்னாள். அப்பா அசையவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, நில்லுங்க. தொட வேணாம்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணை எடுக்கவில்லை, அழவுமில்லை. சித்தப்பா அப்படியில்லை. தோட்டத்துக்குப் போன் போட்டு, அண்ணி போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாவு என்றால் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து சனம் இறங்கி வந்தது. பாதையில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, குழி வெட்டப் போனார்.

இங்கே ஆஸ்பத்திரியில், சித்தப்பா போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் இதயம் மறுபடி துடித்தது.

இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, மத்தியானம்தான் சித்தப்பா திரும்பவும் போன் போட்டார். தோட்டத் தலைவர் ஏசினாராம்.

"ஏன்டா, கொஞ்சம் பொறுத்துச் சொல்லக் கூடாதா? வெட்டின குழிய இப்ப என்னாடா செய்றது?"

வெட்டிய குழியை வெறுமனே மூட மாட்டோம். ஒரு வாழைமரத்தை வெட்டி, கோடித்துணி சுற்றி, அதில் வைத்து மூடினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு பெண்கள் ஒப்பாரியும் வைத்தார்களாம்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அமுக்கிய இடம் வலிக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள். ஒருநாள் சோறு போடும்போது அப்பாவிடம் கேட்டாள்.

"ஆளுக்கொரு வேல பாத்திருக்காங்க. நீங்க என்னா செஞ்சீங்க?"

"சும்மாதான் நின்னேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நான் அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். அன்றைக்குப் பெரிய வேலை பார்த்தவர் குழி வெட்டிய மாமாதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.