மூன்றாவது மட்டை

கோதுமை மாவைச் சுடுநீரில் கரைத்துக் காய்ச்சும்போது எழும் அந்த மந்தமான மணம் எங்கள் குசினியில் பரவினால், அம்மா படம் ஒட்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மாரிகாலத்து மாலைகளில் பழைய பிஸ்கற் பெட்டிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, தான் வரைந்த படங்களை அந்தப் பசையால் ஒட்டி, காய்வதற்காகச் சுவரோரம் சாய்த்து வைப்பார். எங்கள் ஊரான சண்டிலிப்பாயில், சனசமூக நிலையத்தின் பக்கத்து அறையில் நடந்த பாலர் வகுப்பான "நேசறி"க்கு அவர்தான் ரீச்சர். ஐந்து வயதில் நானும் அங்கே ஒரு மாணவி. அதன் வாசற் படலைக்குள் நுழைந்துவிட்டால் அவரை "அம்மா" என்று கூப்பிடக் கூடாது என்பது முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட சட்டம்.

சின்னப் பிள்ளைகள் கதை சொல்லும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "பாம்பு செத்துப் போச்சு, அப்பா கத்தினவர், நாங்கள் புட்டுச் சாப்பிட்டனாங்கள்" என்று, எது முன் எது பின் என்ற கவலையே இல்லாமல் கொட்டிவிடுவார்கள். அதை நேராக்குவதுதான் அம்மாவுக்குப் பிடித்த வேலை. "நுனியைப் பிடிச்சால்தான் நூற்பந்து அவிழும்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பட மட்டைகளைக் கலைத்துப் பாயில் பரப்பி, "முதல் என்ன நடந்தது? பிறகு? அதுக்குப் பிறகு?" என்று கேட்பார். நாங்கள் பாயைச் சுற்றித் தவழ்ந்து, ஒருவர் வைத்ததை மற்றவர் மாற்றி, சண்டை பிடித்து, கடைசியில் ஒரு கதையை நேராக்கி விடுவோம்.

அந்த ஆண்டு அம்மாவின் வேலை நிலையில்லாமல் இருந்தது. கல்வி அலுவலகமான "கந்தோரிலிருந்து" ஒரு அம்மையார் வந்து வகுப்பைப் பார்த்து, நல்லபடி எழுதிக் கொடுத்தால்தான் அது நிரந்தரமாகும். அவர் வரும் நாளுக்கென்று ஒரு கிழமையாக அம்மா ஆறு மட்டைகள் செய்தார். ஒரு சிறுமி படலையைச் சாத்தாமல் போகிறாள், ஆடு வெளியேறுகிறது, பக்கத்து வளவில் புகுந்து கீரையைத் தின்கிறது, அந்த வளவுக்கார மாமி கோபத்தோடு வருகிறார், சிறுமி அழுகிறாள், கடைசியில் இருவருமாகக் குந்தியிருந்து கீரை விதைக்கிறார்கள். அம்மா வரைய வரையப் பக்கத்திலிருந்து ஆட்டுக்குக் கறுப்புப் புள்ளி வைத்தவள் நான். கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதனாலேயே அவர் வருவதற்கு முதல் நாள் மாலை அம்மா சொன்னார்:

"நாளைக்கு நீ வாயே திறக்கக் கூடாது, பிள்ளை. உனக்கு எல்லாம் தெரியும். மற்றப் பிள்ளையள்தான் சொல்ல வேணும்."

மறுநாள் காலை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது, ஆடு கீரை தின்னும் மூன்றாவது மட்டையை உருவி எடுத்து அலுமாரிக்குப் பின்னால் செருகினேன். ஏன் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

அம்மையார் வந்து, சுவரோரம் இருந்த வாங்கில் அமர்ந்து, மடியில் கொப்பியை விரித்தார். அம்மா மட்டைகளைப் பாயில் பரப்பினார். ஐந்துதான் இருந்தன. பையைத் துழாவினார், மீண்டும் எண்ணினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் அவர் குரல் கலங்கவில்லை. பிள்ளைகள் அடுக்கி முடித்ததும், இரண்டாவதற்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மட்டை அளவுக்கு இடைவெளி விட்டு, "ஆடு வெளியாலை போட்டுது. பிறகு பார்த்தால் மாமி கோவமாய் வாறா. இதுக்கு நடுவிலை என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அறை கொந்தளித்தது. ஆடு மாமியின் சீலையைத் தின்றது என்றான் ஒருவன். மாமியை இடித்து விழுத்தியது என்றான் இன்னொருவன். எல்லாவற்றிலும் முந்திக் கதைக்கும் தர்சினி மட்டும் பேசாமல் கடைசி மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன்மேல் விரலைக் குத்தினாள்.

"ரீச்சர், இஞ்சை கீரையெல்லோ போடுகினம்! அப்ப ஆடு கீரையைத்தான் திண்டிருக்கும்."

எழுதிக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்தார். போகும்போது, "இல்லாத படத்தையும் பிள்ளையள் கண்டுபிடிச்சிட்டினம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா சிரித்தார். எனக்கோ, தர்சினியின் தலையை அம்மா தடவிக் கொடுத்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

வீடு திரும்பும் வழியில், சைக்கிளின் பின்னால் இருந்தபடி, "ஆடு அலுமாரிக்குப் பின்னாலை நிக்குது" என்றேன். சைக்கிள் நின்றது.

"ஆர் வைச்சது?"

"நான்தான்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு, என்னை இறக்கி எதிரே நிறுத்தினார்.

"முதல்லையிருந்து சொல்லு."

"நீங்கள் என்னைக் கதைக்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"அதுக்கு முதல்?"

"என்னை விட்டிட்டு எல்லாரையும் மடியிலை வைச்சிருந்தனீங்கள்."

"அதுக்கும் முதல்?"

"அம்மா எண்டு கூப்பிடக் கூடாதெண்டு சொன்னனீங்கள்" என்று சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் தேடிக் கண்டுபிடித்த நுனி அதுதான். அம்மா என்னைத் தூக்கிச் சைக்கிளில் இருத்திவிட்டு, தான் ஏறாமல், வீடுவரை உருட்டிக்கொண்டே நடந்தார். படலையடியில் வந்துதான், "நாளையிலையிருந்து அம்மா எண்டே கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அதைக் கேட்டு மற்றவர்களும் கூப்பிடத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் அவர் எல்லாருக்கும் "ரீச்சரம்மா" ஆகிவிட்டார். எனக்கு அது ஏனோ பெரிய நட்டமாகத் தெரியவில்லை. வேலையும் நிரந்தரமானது.

போன மாதம் அந்த நேசறியின் புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். பிளாஸ்ரிக் உறை போட்ட அச்சுப் படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் இலக்கம். பிள்ளைகள் புரட்டிப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமில்லாமல் அடுக்கிவிட்டு ஊஞ்சலுக்கு ஓடுகிறார்கள். பாயும் இல்லை, அதைச் சுற்றிப் பிடித்த சண்டையும் இல்லை. பழைய ரீச்சர் என்று அம்மாவைப் பேச அழைத்தபோது, அவர் அந்த நாளின் கதையைச் சொன்னார்: பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று தானே ஒரு மட்டையை எடுத்து வைத்ததாக. சபை கைதட்டியது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன்: "அம்மா, நீங்களோ எடுத்து வைச்சனீங்கள்?"

"பின்னை, சபையிலை உன்னைக் கள்ளியெண்டு சொல்லச் சொல்லுறியோ?" என்றவர், சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தயக்கமே இல்லாமல் சொன்னார்:

"உன்னை எடுத்திட்டுச் சொல்லியும் கதை நேராத்தானே வந்தது."