ஐந்தாம் வார்த்தை

நெய்வேலிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே, பிரசங்க மேடையின் உள்தட்டில் போதகர் தைரியநாதன் கையில் சில மாத்திரை அட்டைகள் அகப்பட்டன. சர்க்கரை மாத்திரைகள். ஓர் அட்டை பாதி காலியாகியிருந்தது. அவருக்கு முன்பு அந்தச் சபையில் இருந்த சைமன்ராஜ் போதகருடையவை.

சைமன்ராஜ் அந்த மேடையில்தான் விழுந்து இறந்தார். பெரிய வெள்ளிக்கிழமை, உபவாசத்தோடு மூன்று மணி நேர ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைச் சொல்லும்போது சரிந்தார்.

“ஊழியத்துலயே போனாரு. எப்பேர்ப்பட்ட பாக்கியம்!” என்பார் சபைச் செயலாளர் ராஜ்மோகன். தைரியநாதன் தலையாட்டி வைப்பார். தனக்கும் ஆறு வருடமாகச் சர்க்கரை என்பதை மனைவி ரெஜினாவைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை. சுகத்துக்காக ஜெபிக்கிறவரே மாத்திரை விழுங்கினால் சபை என்ன நினைக்கும்? குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஜெபிக்கப் போனால் எல்லா வீட்டிலும் சர்க்கரை போட்ட காபி. வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். குடித்துவிடுவார்.

மேடையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். திரும்பினால் வெறும் சுவர்.

“அது உங்க மூச்சுதாங்க. படியேறவே வாங்குது. டாக்டர பாக்கலாம் வாங்க,” என்றாள் ரெஜினா. அவர் போகவில்லை.

அடுத்த பெரிய வெள்ளியன்று, காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மேடையேறினார். நான்காம் வார்த்தை முடிவதற்குள் கை நடுங்கியது; அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியது. கடைசி வரிசையில் சைமன்ராஜின் மனைவி லூசியம்மாள் உட்கார்ந்திருந்தார். கணவர் போனபின் மேல்பட்டாம்பாக்கத்தில் தங்கை வீட்டோடு இருப்பவர், இன்றுதான் வந்திருந்தார்.

“தாகமாயிருக்கிறேன்,” என்று ஐந்தாம் வார்த்தையைச் சொன்னார் தைரியநாதன். அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “ஆமென்,” என்றது சபை. எழுத்துகள் கலங்கின. பின்னால் அந்த மூச்சு, காதருகே.

லூசியம்மாள் எழுந்து ஓடிவந்தார். “அவருக்குத் தண்ணி குடுங்க! சர்க்கரை போட்டுக் குடுங்க!”

“அம்மா, ஆராதனை நடக்குதும்மா,” என்று ராஜ்மோகன் குறுக்கே வந்தார்.

“அன்னைக்கும் நடந்துகினுதான் இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் வேர்த்து நடுங்கி, மூணு வாட்டி தாகம்னு சொன்னாரு. வசனம்னு நெனச்சிக்கினு எல்லாரும் ஆமென் சொன்னோம். நானுந்தான் சொன்னேன்.”

தைரியநாதன் மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். ரெஜினா கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் நடுக்கம் அடங்கியது. உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கினார்.

“எனக்கு ஆறு வருஷமா சர்க்கரை. உங்ககிட்ட மறைச்சேன். மன்னிச்சிடுங்க.”

அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனார். சிறுநீரகத்தில் பழுது தொடங்கியிருந்தது. கட்டுப்பாடாக இருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார்.

ஒரு மாதம் கழித்து, நன்றி சொல்ல லூசியம்மாளைத் தேடிப் போனார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்தார் லூசியம்மாள். பிறகு சொன்னார்:

“அன்னைக்குக் காலையில ஒரே ஒரு தோசை கேட்டாருங்க. உபவாச நாள்ல போதகரே சாப்பிடலாமான்னு நான்தான் குடுக்கல.”

எந்த வீட்டுக்கும் ஆறுதல் வசனம் வைத்திருந்த தைரியநாதனுக்கு அங்கே ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.