சம்பந்தியம்மாவுக்குச் சுட்ட சாக்லேட் பிஸ்கட்

போன கிறிஸ்துமஸுக்கு நான் பிஸ்கட் சுட்டது பண்டிகைக்காக அல்ல. ஒரே ஒரு ஆளை என் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே ஒரு பிஸ்கட்டை மென்று விழுங்க வைப்பதற்காக. அந்த ஆள் என் சம்பந்தியம்மா.

என் மகள் அந்த வருடம்தான் கல்யாணம் செய்துகொண்டாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். நாங்கள் சேலம் சூரமங்கலத்தில் தலைமுறையாகக் கோயிலுக்குப் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள். பையன் வீட்டார் நாமக்கல் தாண்டிப் பரமத்தி வேலூர் பக்கம் வாழையும் வெற்றிலையும் போடுகிறவர்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள். அவர்கள் ஒரு மாதம் பிள்ளைகளோடு பேசவில்லை. நாங்கள் இரண்டு மாதம் பேசவில்லை. அந்த விஷயத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டோம், என் மகள் அந்த வீட்டுக்கே குடித்தனம் போனாள்.

சேர்ந்துகொண்டோம் என்று சொன்னது பாதிதான் நிஜம். சம்பந்தியம்மா அதற்குப் பிறகு இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறை காப்பியை நீட்டினேன். "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தோம்" என்றார். வேலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். இப்போதுதான் என்றால் எங்கே குடித்தார் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் முறை வயிறு சரியில்லை என்றார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். ஆனால் இரண்டு முறையும் ஆளுயரத்துக்கு ஒரு பூவன் வாழைத்தார் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைத்தால்தான் உறவு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட மனசு ஒத்துவந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்கள். கொடுப்பது பெரிய விஷயமில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வாங்கித் தின்பதில்தான் இருக்கிறது எல்லாம். இவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் வாங்கவில்லை.

இரண்டாம் முறை அவர் கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு போட்டுக் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் வாசலைக் கூட்டும்போது செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த டப்பா இருந்தது, மூடி திறக்காமல். அன்றைக்கு நான் அழுதேன். என் முறுக்குக்காக இல்லை. என் சமையலையே தொடாத ஒருத்தி, என் பெண்ணை அந்த வீட்டில் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்து அழுதேன். பிறகு முறுக்கை நானே தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

டிசம்பர் பிறந்ததும் மகள் போன் செய்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அத்தையும் வருவதாகச் சொன்னாள். கூடவே குரலைத் தாழ்த்தி ஒரு தகவல் கொடுத்தாள்.

"அம்மா, அத்தைக்கு சாக்லேட்னா உசுரு. பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் திங்கறாங்க. மாமாவுக்கே தெரியாது."

முறுக்கும் அதிரசமும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்வது சுலபம். பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்து வைக்கிற பொருளை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்முறை அனுப்பினாள். ஹாட் சாக்லேட் பிஸ்கட். வெளிநாட்டில் பனி கொட்டும்போது குடிக்கிற பானத்தின் ருசியில் ஒரு பிஸ்கட், அதன் தலையில் மார்ஷ்மெல்லோ என்கிற வெள்ளை மிட்டாய். எங்கள் ஊரில் டிசம்பர் குளிர் என்றால் காலையில் பால் வாங்கப் போகிறவர் தலையில் மப்ளர் சுற்றிக்கொள்வதுதான். பத்து மணிக்கு அதையும் அவிழ்த்துவிடுவார். இருந்தாலும் கோகோ பவுடர் வாங்கினேன், பட்டை பொடித்தேன், மூன்று வருடமாகப் பழைய சேலையால் மூடி வைத்திருந்த ஓவனைத் திறந்து துடைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சம்பந்தி ஐயா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் வீட்டில் முட்டை, கறி எதுவும் கிடையாது, சம்பந்தியம்மாவும் தொடமாட்டார். நாமக்கல் பக்கத்து ஆளுக்கு முட்டை இல்லாமல் ஒரு பலகாரம் செய்வது என்பதே விசித்திரமான வேலை. அந்தப் பக்கம் திரும்பின இடமெல்லாம் கோழிப்பண்ணைதான். முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போடலாம் என்றாள் மகள். அவர்கள் தோட்டத்துப் பூவன் பழத்தையே கொண்டுவரச் சொன்னேன். அதிலும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் வீட்டுப் பழம் உள்ளே இருக்கும்போது அதை அடுத்த வீட்டுச் சாப்பாடு என்று அவர் எப்படி ஒதுக்க முடியும்? வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நான்.

மாலைக்கு மரியாதை கொடுத்து மட்டன் பிரியாணியையும் நிறுத்தினேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கிறிஸ்துமஸ் அன்று சாம்பார் வைக்கப்போவதாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் வாய்விட்டு எதிர்க்கமாட்டார். சிறிது நேரம் மாடிக்குப் போய்விட்டு வந்தார்.

இருபத்துநாலாம் தேதி காலையில் மகள் பழத்தோடும் கடையில் வாங்கிய மார்ஷ்மெல்லோவோடும் வந்து சேர்ந்தாள். மாவு பிசைந்து, உருட்டி, தட்டில் அடுக்கி வைத்த பிறகு மார்ஷ்மெல்லோ பாக்கெட்டை எடுத்துக் கத்தரிக்கப் போனாள். கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்திருக்கிறாள்.

"அம்மா, இதுல ஜெலட்டின் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"ஜெலட்டின்னா மாட்டு எலும்பு, தோலு, இதுலருந்து எடுக்கறதும்மா."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். முறுக்கையே செருப்புக்குப் பின்னால் வைத்தவர், இது தெரிந்தால் டப்பாவை எங்கே வைப்பார் என்று யோசித்தேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார்.

"வெள்ளையா, மெத்துனு, இனிப்பா இருக்கணும். அவ்வளவுதானே? ஜவ்வரிசி போடு."

எங்கள் ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள்தான்; சேலத்துக்காரரிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் ஜவ்வரிசி போடு என்பார். மாவு ஒட்டவில்லையா, ஜவ்வரிசி. சட்டைக்குக் கஞ்சி இல்லையா, ஜவ்வரிசி. வயிற்றுப்போக்கு என்றாலும் அதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவரே அடுப்படிக்கு வந்து ஜவ்வரிசியை ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் விட்டுக் கண்ணாடியாகக் கிளறினார். ஒவ்வொரு பிஸ்கட் தலையிலும் ஒரு ஸ்பூன் வைத்தோம். ஓவனிலிருந்து எடுத்தபோது பார்க்கவே ஆசையாக இருந்தது. சுடச்சுட ஆளுக்கு ஒன்று தின்றோம். கோகோ கசப்பும் பட்டை வாசனையும் மேலே மெத்தென்ற இனிப்புமாக நாக்கில் கரைந்தது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பிரியாணியை நிறுத்தியதை மன்னித்துவிட்டதாக முகத்தில் தெரிந்தது. மிச்சத்தை அப்படியே ஆறவிட்டு டப்பாவில் போட்டு மூடினேன். ஆறினதில் ஒன்றைத் தின்று பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மருமகன் காரில் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் வாழைத்தார் இறங்கியது. பிறகு அவர் இறங்கினார். கூடத்தில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்துக் கும்பிட்டார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் காப்பி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டப்பாவைத் திறந்து அவர் பக்கமாக நகர்த்தினேன். கோகோ வாசனை மேலே வந்தது.

"முட்டை இல்லீங்க. உங்க தோட்டத்துப் பூவன் பழம் போட்டுச் செஞ்சதுதான்."

அவர் டப்பாவைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். பீரோ ரகசியம் வெளியே போய்விட்டதா என்று கணக்குப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு கையை நீட்டி ஒன்றை எடுத்தார். அவர் கடித்தார்.

சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. முற்றின பாக்கை வெட்டும்போது வருமே, அந்தச் சத்தம். என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். சம்பந்தியம்மா வாயில் இருந்ததைத் துப்பவில்லை. அதற்காக அவரை நான் ஆயுசுக்கும் மதிப்பேன். கண்ணில் தண்ணீர் வர, ஒரு பக்கக் கடைவாயில் ஒதுக்கி, மெல்ல மெல்ல அரைத்தார். நான் மனதுக்குள் குழந்தை இயேசுவிடம் அவர் பல்லுக்காக மன்றாடினேன்.

கடைசியில் தொண்டையைத் தடவிக்கொண்டு அவர் சொன்னார்:

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

என் வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தேன். அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்து முடித்தார். பிறகு கையில் இருந்த பாதி பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, இது ஜவ்வரிசிங்களா?"

"ஆமாங்க."

"வேகவெச்சுக் காயப் போட்டிருக்கறீங்க."

"ஆமாங்க."

"இது வடகமுங்க. எண்ணெயில பொரிக்கோணும்."

வெயில் காலம் வந்தால் மொட்டை மாடியில் நான் வருடா வருடம் செய்கிற வேலைதான் அது. கிளறி ஊற்றி, காயவிட்டு, கல்லாக்கி டப்பாவில் அடைப்பேன். அதையே இனிப்புப் போட்டு, சாக்லேட் பிஸ்கட்டுக்கு மேல் செய்து, கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி வாயில் கொடுத்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கேயே நின்றேன்.

முதலில் சிரித்தது என் மகள். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாகச் சத்தம் வந்தது. சம்பந்தியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் கூட இருந்தயில்ல சாமி? நம்ம ஊட்டுல அத்தன வடகம் போட்டனே, என்னத்தப் பாத்த?" என்று கேட்டு அவரும் சிரித்தார். சிரித்தபோது பல் எல்லாம் இருந்தது, நான் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். நம்ம ஊட்டுல என்று அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு சொல்லில் பாதி இறங்கியது.

அதற்குப் பிறகு அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு என் அடுப்படிக்குள் நடந்தார். என்னைக் கேட்கவில்லை. பிஸ்கட் தலையிலிருந்து ஜவ்வரிசிச் சில்லுகளைக் கத்தியால் நெம்பி எடுத்தார், வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றினார். முதல் சில்லு சர்க்கரை இருந்ததால் கருகியது. அடுப்பைத் தணித்து இரண்டாவதைப் போட்டார். அது ஓரம் மட்டும் சிவந்து, நடுவில் வெள்ளையாகப் பொங்கி, மகள் அனுப்பிய செய்முறைப் படத்தில் இருந்த மார்ஷ்மெல்லோ அளவுக்கு உப்பி வந்தது. அதை எடுத்து மொட்டைப் பிஸ்கட் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். தின்றேன். முந்தின நாள் சுடச்சுடத் தின்றதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. சொன்னேன்.

மத்தியானம் அவர் இலை போட்டு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார், ரசத்துக்கும் வாங்கினார். தொட்டுக்கொள்ள இனிப்பு வடகம். சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்றார். குறைச்சல்தான். என் சமையலைக் குறை சொன்ன யாருக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாக உப்பு எடுத்துக் கொடுத்ததில்லை.

கிளம்பும்போது நான் டப்பாவைத் திணிக்கவில்லை. செருப்பு ஸ்டாண்ட் என் நினைவில் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"மிச்ச பிஸ்கட்டு இருக்குதுங்களா?"

இருந்த பத்துப் பன்னிரண்டு பிஸ்கட்டையும் அன்றைக்கு முறுக்குப் போட்டுக் கொடுத்த அதே எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். "டப்பாவ நானே கொண்டாந்து தாரேனுங்க" என்றார். கார் போன பிறகு நான் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே தூசிதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் நான்கு முறை வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் உள்ளே வரும்போதே, "டப்பாவ மறந்துபோட்டனுங்க, அடுத்த தடவ கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். நானும் அவசரமில்லீங்க என்று சொல்லி இலை போடுகிறேன். அந்த டப்பா அவர் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் இருப்பதாக மகள் சொன்னாள். அங்கேயே இருக்கட்டும்.