மடிக்கணினிக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் கல்லூரியில் குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு ஜெராக்ஸ் மிஷினைக்கூட ஓடவிட மாட்டார்கள். இணையவழி வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத்துக்கு ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டபோதே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போலந்துப் பேராசிரியை மின்னஞ்சலில் தெளிவாகவே எழுதியிருந்தார். சரியாக ஒரு மணி நேரம், அதற்குமேல் அவருடைய மாணவர்களுக்கு வேறு வகுப்பு. அந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அதில் பேச, மம்சாபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவியைத் தயார் செய்திருந்தேன். அவள் அம்மா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறார். லீவு நாட்களில் இவளும் போவாள். தறியிலிருந்து ஆஸ்பத்திரி வரை அந்தத் துணி போகும் வழிதான் அவள் பேச்சு. மூன்று வாரமாக ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அன்று காட்டுவதற்கு ஒரு சுருள் துணியும் கொண்டுவந்திருந்தாள்.

முதல்வர் வரவேற்றார். செயலர் கல்லூரி வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். சொந்தக் கட்டிடத்துக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு விருந்தினருக்குப் பொன்னாடை. விருந்தினர் எங்கே இருக்கிறார்? திரையில். எடு பொன்னாடையை, போர்த்து மடிக்கணினிக்கு. போர்த்தினார்கள். கேமரா மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு வகுப்பே உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை போர்த்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. அவள் எழுந்தாள். முதல்வர் என் பக்கம் திரும்பி, "நன்றியுரைய முடிச்சிருங்க மேடம், அது இல்லாம விழா நெறையாது" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்தின நாளே எழுதி வைத்திருந்த தாளை எடுத்து ஒருவர் விடாமல் வாசித்தேன். நிமிர்ந்தபோது திரையில் யாருமில்லை.

எல்லோரும் போனபின் அவளிடம் செயலரையும் முதல்வரையும் திட்டித் தீர்த்தேன். இவர்களை வைத்துக்கொண்டு எதுவும் நடத்த முடியாது என்றேன். அவள் துணிச் சுருளைப் பைக்குள் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விடுங்க மேடம்" என்றாள். "நான் நல்லாப் பேசுனதுக்கு நன்றின்னு நீங்கதான் வாசிச்சிட்டீகளே."

தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஆமாம், வாசித்திருக்கிறேன்.