முழங்காலில் பிளாஸ்டர் இல்லாத பள்ளி

1. ஏழாந்தரம்

புஷ்பம் ஏழாந்தரம் விழுந்த காலையில், மதகு வளைவில் நாற்பது லீற்றர் பால் வாய்க்காலுக்குள் போனது. அவருக்குக் கீறல் இரண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து. பால் சங்கத்தில் வாகனங்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். எல்லாவற்றையும் எண்ணி எழுதினேன்.

முகாமையாளர் புஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"எட்டாந்தரம் விழுந்தா மோட்டார் சைக்கிள் இல்லை. பிறகு பால் கான் கழுவுற வேலைதான்."

"சேர், விடிய இருபத்திரண்டு வீடு பாலைக் கறந்துவச்சு என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. அந்த வளைவை நிமித்தித் தாங்கோ, நான் விழமாட்டன்."

வளைவை நிமிர்த்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, பந்தயத் தடத்தில் வைத்து வளைவு ஓடப் பழக்கும் பள்ளி ஒன்றைத் தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. முப்பத்தொரு கேள்விகள் எழுதிக்கொண்டேன். இரவு நித்திரை வரவில்லை. முப்பத்திரண்டாவதாக ஏதோ ஒன்றை விட்டுவிட்டதுபோல இருந்தது.

2. தோல் உடுப்பு

முதற் பள்ளி நெடுங்கேணிப் பக்கம். கொளுத்தும் வெயிலில் பயிற்றுநர் தோல் உடுப்போடு நின்றார். தடம் நல்ல தடம். வளைவுகள் ஒன்பது.

"வளைவில முழங்கால் நிலத்தில உரசோணும் ஐயா. அப்பதான் சரியாச் சரியிறியள் எண்டு அர்த்தம்."

மாணவர் பதினொரு பேர். முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தவர்கள் ஒன்பது பேர்.

"மற்ற ரெண்டு பேரும்?"

"அவை இண்டைக்குத்தான் சேந்தவை."

"புஷ்பத்தின்ர சைக்கிளில ரெண்டு பக்கமும் பால் கான். முழங்காலுக்கு முதல் கான் எல்லோ உரசும்?"

அவர் தன் தோல் உடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"கானுக்கும் ஒரு தோல் உடுப்புத் தைக்கலாம் ஐயா."

3. ஜெயபுரத்துத் தடம்

இரண்டாவது பள்ளிக்குப் போனபோது ஜெயபுரத்தில் அறுவடை முடிந்திருந்தது. தடம் முழுக்க நெல். அந்தப் பக்கத்தில் புதுத் தார் அது ஒன்றுதான் என்று ஊரே கொண்டுவந்து காயப்போட்டிருந்தது. நடுவில் இரண்டடி அகலத்துக்கு வளைந்து வளைந்து ஓர் ஒழுங்கைதான் மிச்சம். அதில் ஆறு பேர் எறும்புகள்போல ஓடிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டர் எண்ணினேன்: பூச்சியம்.

"நெல்லு அள்ளினாப் பிறகு வாங்கோ ஐயா. இப்ப வேகம் பழக்கேலாது," என்று பயிற்றுநர் வெட்கப்பட்டார்.

"பரவாயில்லை. இண்டைக்கே புஷ்பத்தைச் சேக்கிறன்."

கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். எனக்கு அந்தப் பூச்சியம் போதும்.

உண்மையில் பழக்கியவர் நெல் கிண்டிக்கொண்டிருந்த தங்கம்மா.

"எடி பிள்ளை, முன் சில்லை ஏன் பாக்கிறாய்? சில்லு எங்கயும் ஓடிப்போகாது! போற இடத்தைப் பார்! என்ர நெல்லில ஏறினியெண்டால் நீதான் இறங்கிக் கூட்டி அள்ளோணும்!"

முதல் நாள் புஷ்பம் பதினான்கு தரம் ஏறினார். பதினான்கு தரம் இறங்கி அள்ளினார். ஆறாம் நாள் ஒரு தரமும் ஏறவில்லை. அந்த ஆறு நாளும் பயிற்றுநர் சொன்னது "மெதுவா" என்ற ஒரு சொல் மட்டும்.

4. மதகு வளைவு

பரீட்சை வைக்க முகாமையாளரே தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். நான் மதகுக் கட்டில் இருந்தேன். புஷ்பம் இரண்டு கான் பாலோடு, இரு பக்கமும் தங்கம்மாவின் நெல் கிடப்பதுபோல, வளைவுக்கு அப்பால் பார்த்தபடி போனார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. புஷ்பத்தின் பின்சில்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்த முகாமையாளர் நேரே வாய்க்காலுக்குள் போனார்.

புஷ்பம் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, எட்டாந்தரம் விழுந்ததை ஆரின்ர பேரில எழுதப்போறியள்?"

முகாமையாளர் பேரில்தான் எழுதினேன். புஷ்பம் இன்றும் அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் போகிறார். முகாமையாளரும் பிடிவாதமாக அதே ஜெயபுரத்துக்குப் போனார். அதற்குள் நெல்லை அள்ளிவிட்டார்கள். வெறுந் தடத்தில் வேகம் பழகி, இரண்டு பிளாஸ்டரோடு வந்தார்.

பள்ளி தேடும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: தடத்தின் நீளத்தைக் கேளாதீர்கள், முழங்கால்களை எண்ணுங்கள். முடிந்தால் நெல் அள்ளுமுன் போய்ச் சேருங்கள்.